நாலு நாள் வந்து போன வாசனை

கேள்வி: எனக்கு 44 வயது. வீட்டிலேயே சாம்பார் பொடி, ரசப்பொடி, இட்லிப்பொடி அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறேன். மூன்று வருஷமாக மூக்கு இரண்டு பக்கமும் அடைப்பு. வாசனை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இப்போது சுத்தமாக இல்லை. பெருங்காய டப்பாவை மூக்கருகே வைத்தாலும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மிளகாய் வறுத்தால் தும்முகிறேன். அதைப் பார்த்துவிட்டு வீட்டில், "நெடி ஏறுதுல்ல, அப்ப மூக்கு நல்லாத்தான் இருக்கு" என்கிறார்கள். இங்குள்ள டாக்டர் ஐந்து நாள் மாத்திரை கொடுத்தால் மூன்றாம் நாள் வாசனை வரும். நாலு நாள் இருக்கும், அப்புறம் போய்விடும். இந்த வருஷத்தில் மட்டும் நான்கு தடவை இப்படி ஆகிவிட்டது. மழைக்காலத்தில் வீசிங் உண்டு. போன மாதம் தலைவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு, ஒரு மணி நேரத்தில் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஸ்கேனில் மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது, ஆபரேஷன் வேண்டும் என்கிறார்கள். பக்கத்து வீட்டில், "வெட்டினா திரும்ப வளரும், காசுக்குக் கேடு" என்கிறார்கள். என் தங்கைக்கு 2021இல் கொரோனா வந்ததிலிருந்து காபி கருகிய ரப்பர் மாதிரி நாறுகிறதாம். எனக்கும் அதுதானோ? போன வாரம் அடுப்பு அணைந்து கேஸ் வந்துகொண்டிருந்தது தெரியாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து அலறிய பிறகுதான் தெரிந்தது. எனக்கு வாசனை திரும்புமா டாக்டர்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

வாசனை திரும்புமா என்பது உங்கள் கேள்வி. அதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் அதைவிட அவசரமான விஷயங்கள் இரண்டு இருக்கின்றன. அவற்றை முதலில் முடித்துவிடுவோம்.

முதலாவது, கேஸ். சமையல் கேஸுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்பதற்காக எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமான பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். உங்களைப் பொறுத்தவரை அவர்கள் கலக்காதது மாதிரிதான். ஆகவே இந்த வாரமே கேஸ் கசிவு அலாரம் ஒன்று வாங்கி மாட்டுங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகத்தான் பரவும். அதனால் அலாரத்தைத் தரைக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். சிம்னி பக்கத்தில் உயரே மாட்டினால் அது கத்துவதற்குள் நேரமாகிவிடும். ராத்திரி படுக்கும்முன் சிலிண்டரில் ரெகுலேட்டரை மூடுங்கள். அலாரம் அடித்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906க்குப் போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கென்றே உள்ள அவசர எண் அது.

இரண்டாவது, அந்தத் தலைவலி மாத்திரை. மூக்கில் சதை, வீசிங், வலி மாத்திரை போட்டால் மூச்சுத் திணறல். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதற்குத் தனியாக ஒரு பெயரே உண்டு, சாம்டர் என்ற மருத்துவரின் பெயரால் அழைக்கிறோம். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை இந்த உடம்பு ஏற்காது. வழக்கமாக அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் மூக்கு ஒழுகி, அடைத்து, இழுப்பு வந்துவிடும். உங்களுக்கு அதுதான் என்று கடிதத்தை வைத்து நான் முடிவு கட்டவில்லை. ஆனால் நேரில் பார்த்து முடிவாகும்வரை அந்த வகை மாத்திரைகளைத் தொடாதீர்கள். காய்ச்சல், வலிக்குச் சாதாரண அளவில் பாராசிட்டமால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். எந்த மாத்திரை போட்டீர்கள் என்று அந்த மெடிக்கலில் கேட்டு, பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். பல் டாக்டரிடம் போனாலும் அந்தச் சீட்டைக் காட்டுங்கள்.

இனி வாசனைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தந்த வரி ஒன்று உண்டு. "மூன்றாம் நாள் வாசனை வரும். நாலு நாள் இருக்கும்." நீங்கள் அதை அலுப்போடு எழுதியிருக்கிறீர்கள். நான் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். நரம்பு செத்திருந்தால் ஐந்து நாள் மாத்திரைக்கு அது உயிர் பெற்று வராது. வந்தது என்றால், முகரும் நரம்பு இருக்கிறது, வேலை செய்யத் தயாராகவும் இருக்கிறது. அதன்மேல் வீக்கம் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைச் சொல்லுங்கள்.

மூக்கு முழுவதும் முகர்வதில்லை. முகரும் தோல் இருப்பது மூக்கின் உச்சியில், ஏறத்தாழ இரண்டு கண்களுக்கும் நடுவில். பக்கத்துக்குச் சில சதுர சென்டிமீட்டர்தான். அதை எட்டும் சந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம். நாம் விடும் மூச்சில் பெரும்பகுதி கீழ்த்தளத்திலேயே போய்விடும், கொஞ்சம்தான் மேலே ஏறும். மல்லிகைப் பூவைக் கையில் வாங்கியதும் நாம் 'ம்ம்' என்று இரண்டு தடவை இழுப்பது காற்றை அந்த மாடிக்கு ஏற்றத்தான். அங்கே வாசனைத் துகள் சளிப்படலத்தில் கரைந்து நரம்பு நுனியைத் தொட வேண்டும். அந்த நரம்புகள் சல்லடை போன்ற மெல்லிய எலும்பின் துளைகள் வழியாக நேரே மூளைக்குப் போகின்றன.

சைனஸ் பாலிப், அதாவது நீங்கள் சொல்லும் சதை, கிளம்புவது அந்தச் சந்தின் பக்கத்து வீட்டிலிருந்து. எண்டோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயை விட்டுப் பார்த்தால் உரித்த நுங்கு மாதிரி இருக்கும். வெளிறி, பளபளவென்று, ஈரமாகத் தொங்கும். கருவியால் தொட்டால் வலிக்காது, சுலபத்தில் ரத்தமும் வராது. (கண்ணாடி முன்னால் நின்று டார்ச் அடித்து, "டாக்டர், சதை தெரியுது" என்று வருகிறவர்கள் பலர். அவர்கள் காட்டுவது அநேகமாக எல்லோர் மூக்கிலும் பிறப்பிலேயே இருக்கும் டர்பினேட். சிவந்திருக்கும், தொட்டால் துள்ளுவார்கள்.) பாலிப் வழியை அடைப்பது பாதிக் கதைதான். அதை வளர்த்த அதே அழற்சி முகரும் தோலையும் நனைத்து வீங்க வைத்து, நரம்பு செல்களைச் சோர்வாக்குகிறது. அதனால்தான் சிறு சதை இருப்பவருக்கு வாசனை அறவே போயிருக்கும், மூக்கு நிறையச் சதை வைத்திருப்பவர் பிரியாணியை வாசலிலேயே கண்டுபிடிப்பார். சதையின் அளவை வைத்து வாசனையை எடை போட முடியாது.

மிளகாய் நெடி விஷயத்தில் உங்கள் வீட்டார் வாதம் தப்பு. ஆனால் ரொம்பப் பேர் செய்யும் தப்பு. நெடி, எரிச்சல், கற்பூரத்தின் குளிர்ச்சி, அமோனியாவின் குத்தல், இவையெல்லாம் வாசனை நரம்பின் வேலை அல்ல. முகத்தில் தொடு உணர்ச்சியைச் சுமக்கும் டிரைஜெமினல் என்ற வேறொரு நரம்பு அதைப் பார்த்துக்கொள்கிறது. தைலம் தடவினால் மூக்கு 'ஜில்'லென்று இருப்பதும் அதனால்தான். வாசனை முழுக்கப் போனவருக்கும் மிளகாய் வறுத்தால் தும்மல் வரும். வாசனை இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் தைலத்தை நீட்டாதீர்கள். காபித் தூளையோ சீரகத்தையோ நீட்டுங்கள்.

சாப்பாட்டில் ருசி இல்லை என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் இருக்காது என்று எனக்குத் தெரியும். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இறைச்சிச் சாறு போன்ற உமாமி ருசி. காரம் எரிச்சல் கணக்கில் சேரும். மற்றதெல்லாம் மெல்லும்போது தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் மணம். உங்கள் ரசத்தில் புளிப்பும் உப்பும் காரமும் உங்களுக்குத் தெரியும், அது ரசம் என்பது தெரியாது. நம்பாதவர்கள் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு வறுத்த சீரகத்தை மென்று பார்க்கட்டும். மரத்தூள் மாதிரி இருக்கும். விரலை எடுத்த நொடியில் சீரகம் வந்து நிற்கும்.

உங்கள் தங்கையின் கதை வேறு. கொரோனாவில் பலருக்கு மூக்கு அடைக்கவே இல்லை, ஆனாலும் வாசனை போனது. அந்த வைரஸ் முதலில் பிடித்தது நரம்பு செல்லை அல்ல, அதைத் தாங்கி நிற்கும் பக்கத்துச் செல்களை. தூண் சரிந்து பந்தல் விழுந்த கதை. பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிட்டது. முகரும் நரம்பு செல்களுக்கு ஒரு அபூர்வ குணம் உண்டு, பழையவை உதிர்ந்து புதியவை முளைத்துக்கொண்டே இருக்கும். சிக்கல், எல்லாம் ஒரே நேரத்தில் முளைப்பதில்லை. மனிதர்களுக்கு ஏறக்குறைய 400 வகை வாசனை ஏற்பிகள், அதாவது நரம்பு நுனியில் வாசனைத் துகளைப் பிடிக்கும் பூட்டுகள், உண்டு. இந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்ததற்குத்தான் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004இல் நோபல் கொடுத்தார்கள். காபி என்பது ஒரே வாசனை அல்ல, பல ஏற்பிகள் சேர்ந்து தட்டும் தாளம். பாதிப் பேர் தட்டாமல் பாதிப் பேர் மட்டும் தட்டினால் மூளைக்கு அது கருகிய ரப்பராகக் கேட்கிறது. காபி, வெங்காயம், பூண்டு, பொரித்த பண்டம் இவற்றில்தான் இது அதிகம்.

தங்கைக்கு ஏற்றது வாசனைப் பயிற்சி. ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹும்மல் குழு 2009இல் வெளியிட்ட முறை. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என நான்கு வாசனைகள். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் பத்துப் பதினைந்து விநாடி, அது எப்படி மணக்கும் என்று மனசில் நினைத்தபடி முகர வேண்டும். மூன்று மாதமாவது விடாமல். நீங்களும் செய்யலாம், கெடுதல் இல்லை. ஆனால் அடைத்த கதவுக்கு வெளியே நின்று பூவை நீட்டுவது போலத்தான் இருக்கும். உங்களுக்கு முதலில் கதவு திறக்க வேண்டும்.

வேறு காரணங்களையும் ஒரு நடை பார்த்துவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்காக. ஜலதோஷத்தில் போகிற வாசனை ஜலதோஷத்தோடு திரும்பும். தூசி அலர்ஜியில் குறையும், அறவே போவது குறைவு. 'தண்டு வளைவு' (மூக்கின் நடுச்சுவர் வளைந்திருப்பது) என்று ஸ்கேனில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். வளைந்த தண்டு மட்டும் இரண்டு பக்க வாசனையையும் முழுசாக எடுப்பது அரிது. மூக்கு உள்ளே காய்ந்து, பச்சையாகப் பொருக்குத் தட்டும் ஒரு வியாதி உண்டு. அதில் பக்கத்தில் இருப்பவர் நாற்றம் தாங்காமல் தள்ளி உட்காருவார், நோயாளிக்கு மட்டும் ஒன்றும் தெரியாது, அவர் நரம்பும் காய்ந்துவிட்டிருக்கும். இதற்கு நேர் எதிர், மேல் கடைவாய்ப்பல் சொத்தையாகி அதன் வேர் வழியாகச் சைனஸில் சீழ் சேர்வது. அதில் ஒரு பக்க மூக்கில் அழுகல் நாற்றத்தை நோயாளியே உணர்ந்து புலம்புவார். மூக்கு டாக்டர், பல் டாக்டர் என்று மாறி மாறி அலைந்து வருவார்கள், பாவம்.

ஒரு பக்கம் மட்டும் சதை, தொட்டால் ரத்தம் என்றால் அது உங்களுடையது மாதிரி சாதாரணப் பாலிப் அல்ல. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் ஊருணியில் குளித்து வளர்ந்தவர்களிடமும் இலங்கையிலும் பார்க்கும் ரைனோஸ்போரிடியோசிஸ் என்ற தொற்றுநோய் அப்படித்தான் இருக்கும். சிவந்த சதைமேல் வெள்ளைப் புள்ளிகள், ஸ்ட்ராபெரிப் பழம் மாதிரி. ஒரு பக்கச் சதை வேறு கட்டியாகவும் இருக்கலாம். ஒரு பக்க ரத்தக் கசிவை யாரும் தள்ளிப்போடக் கூடாது. சர்க்கரை உள்ளவருக்குத் திடீரென முகவலி, கண் வீக்கம், மூக்கில் கறுப்புப் பொருக்கு என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. 2021இல் கறுப்புப் பூஞ்சை நம் எல்லோருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

இப்போது அந்த ஐந்து நாள் மாத்திரை. அட்டையைப் பாருங்கள். பிரெட்னிசோலோன், மெத்தில்பிரெட்னிசோலோன், டெஃப்லசாகார்ட் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு என்றதும் அலற வேண்டாம், சரியான இடத்தில் அது அருமையான மருந்து. பாலிப் சுருங்கும், வாசனை வரும், நோயாளி கையெடுத்துக் கும்பிடுவார். கொடுத்த டாக்டருக்கும் சந்தோஷமாக இருக்கும், எனக்கும் இருந்திருக்கிறது. அதுதான் ஆபத்து. வருஷத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு தடவை என்பது சரி. நான்கு தடவை என்பது கடன் வாங்கி வட்டி கட்டுவது. சர்க்கரை, ரத்த அழுத்தம் ஏறும், எலும்பு தேயும், கண்புரை முந்தி வரும். மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டி நீங்களாக வாங்காதீர்கள். ஹெச்.பி.ஏ1சி என்ற மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனையை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஆபரேஷன். பக்கத்து வீட்டார் சொல்வது முழுப் பொய் அல்ல, உங்களைப் போல் வீசிங் சேர்ந்தவர்களுக்குப் பாலிப் திரும்ப வருவது உண்டு. ஆனால் அவர்கள் ஆபரேஷனைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். வாய்க்காலைத் தூர்வாரினால் அப்புறம் மண்ணே விழாது என்று யாரும் நினைப்பதில்லை. தூர்வாருவது தண்ணீர் போவதற்கு. இங்கே தண்ணீர் என்பது மருந்து. இப்போது நீங்கள் ஸ்டீராய்டு ஸ்பிரே அடித்தால் அது சதையில் பட்டு வழிந்து வெளியே வரும். எண்டோஸ்கோப் வழியாகச் சதையை எடுத்து, சைனஸ் வாசல்களைத் திறந்துவிட்டால் அதே ஸ்பிரே, அதே உப்புத் தண்ணீர், உள்ளே போய் வேலை செய்யும். ஸ்பிரேயில் இருப்பதும் ஸ்டீராய்டுதான், ஆனால் அளவு மிகக் கொஞ்சம், ரத்தத்தில் கலப்பது அதைவிடக் கொஞ்சம். ஆபரேஷன் முடிந்ததும் ஸ்பிரேயை நிறுத்துகிறவர்களுக்குத்தான் "திரும்ப வளர்ந்துடுச்சு" என்ற கதை சீக்கிரம் நடக்கும். ஸ்பிரேயை வருஷக்கணக்கில் அடிக்கச் சம்மதமில்லை என்றால் ஆபரேஷனுக்கு அவசரப்படாதீர்கள், பணம் வீண். இதை ஆபரேஷன் செய்பவனாகவே சொல்கிறேன்.

ஸ்பிரே அடிக்கும் விதம். என் கிளினிக்கில் பத்துப் பேரை அடித்துக் காட்டச் சொன்னால் ஏழெட்டுப் பேர் அண்ணாந்து பார்த்து, நடுத்தண்டில் அடித்து, 'சர்'ரென்று தொண்டைக்கு இழுத்து விழுங்கிவிடுகிறார்கள். மருந்து வயிற்றுக்குப் போகிறது. தலையைச் சற்றுக் குனியுங்கள். இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை. முனை அந்தப் பக்கத்துக் காதைப் பார்க்கட்டும். அழுத்திவிட்டு, பூவை முகர்வது மாதிரி மெல்ல இழுங்கள், போதும். நடுத்தண்டில் அடிப்பவர்களுக்குத்தான் ரத்தம் வருகிறது. ஆறு வாரமாவது ஆகாமல் பலன் இல்லை என்று சொல்லக் கூடாது.

ஸ்பிரேக்கு முன்னால் உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுங்கள். 250 மி.லி. தண்ணீருக்குப் பொடித்த கல்லுப்பு அரை டீஸ்பூன், சோடா உப்பு ஒரு சிட்டிகை. தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், குளம் எதுவும் கூடாது. மூக்கு வழியாக மூளைக்கு ஏறும் நெக்லேரியா அமீபாவைக் கேரளத்தில் சமீப வருஷங்களில் பார்த்தாயிற்று. குடித்தால் ஒன்றும் செய்யாத அந்தக் கிருமி மூக்கில் ஏறினால் ஆளைக் கொல்லும். வரும் வழி நான் மேலே சொன்ன அதே சல்லடை எலும்புதான்.

அடைப்பு நீக்கும் சொட்டு மருந்துகளை, ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் போன்றவற்றை, ஐந்து நாளுக்கு மேல் விடாதீர்கள். அப்புறம் அந்தச் சொட்டே அடைப்பைக் கொண்டுவரும். நொச்சி போட்டு ஆவி பிடித்தால் சுகமாக இருக்கும், பிடியுங்கள், சட்டியைக் கவிழ்த்துக்கொள்ளாமல். பாலிப் அதற்குக் கரையாது. டுபிலுமாப் என்ற ஊசி ஒன்றும் வந்திருக்கிறது, பாலிப்புக்கு அமெரிக்காவில் 2019இல் அனுமதித்தார்கள். வாசனை நன்றாகவே திரும்புகிறது, ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒன்று, விலை மிக அதிகம். எல்லாம் செய்தும் பாலிப் அடங்காதவர்களுக்கான பேச்சு அது, உங்களுக்கு இப்போது வேண்டாம். வீசிங்குக்கு நெஞ்சு டாக்டரைப் பார்த்து இன்ஹேலரை ஒழுங்குபடுத்திக்கொண்டு பிறகு ஆபரேஷன் தேதி வாங்குங்கள்.

வாசனை திரும்புமா? மாத்திரைக்குத் திரும்பிய மூக்கு, வழி திறந்தாலும் திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது. பழைய அளவுக்கே வரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். வந்தபிறகும் ஒரு ஜலதோஷத்தில் போய்விட்டு வரும், அதற்குப் பதற வேண்டாம்.

அதுவரை பொடித் தொழிலை விடாதீர்கள், மூக்கை மட்டும் நம்பாதீர்கள். கைப்பிடிக் கணக்கை விட்டுவிட்டுத் தராசில் நிறுத்துப் போடுங்கள். மல்லியை வறுக்கும்போது நிறத்தையும் கடலைப்பருப்பில் சத்தத்தையும் பாருங்கள், அது உங்கள் கைக்கே தெரியும். உங்களால் பிடிக்க முடியாதது சிக்குவாடை. எள்ளும் எண்ணெயும் காறிப்போனது உங்களுக்குத் தெரியாது, வாங்கும் ஒருவர்கூடச் சொல்லாமல் அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடுவார். டப்பாவில் தேதி ஒட்டுங்கள், ஒவ்வொரு ஈட்டையும் மகள் முகர்ந்த பிறகு பாக்கெட் போடுங்கள்.

அமெரிக்காவில் ரிச்சர்ட் டோட்டி 1984இல் கொண்டுவந்த 40 வாசனைச் சோதனை ஒன்று உண்டு, சுரண்டி முகர வேண்டும். அதில் ரூட் பீர் என்றும் பூசணி பை என்றும் வரும். எனக்கே தெரியாது, நம் ஊர்ப் பாட்டிக்கு எங்கே தெரியப்போகிறது! உங்கள் வீட்டில் அதைவிட நல்ல சோதனைச் சாமான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். மகள் காபித் தூள், சீரகம், கிராம்பு, எலுமிச்சைத் தோல், வெறும் டப்பா ஒன்று என மாற்றி மாற்றி நீட்டட்டும். வெறும் டப்பா முக்கியம், அதிலும் நீங்கள் 'சீரகம்' என்றால் மனசு ஏமாற்றுகிறது என்று தெரியும். எத்தனை சரி என்று தேதி போட்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் நான்கு வாரம், பின்னால் மூன்று மாதம். ஒவ்வொரு தடவையும் ஸ்கேன் ஃபைலோடு அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.